கேவில்

ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நாம் பேசியதை அப்படியே எழுதிப் பார்த்தேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்பா." "சரி, வெச்சிடட்டுமா?" அவ்வளவுதான். இதில் உங்கள்மேலும் தவறில்லை, என்மேலும் தவறில்லை. நான் பேசும்போது பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடிக்கிறார். பெரியப்பா எனக்காகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்துக்குப் பதில் என்னைப் பார்க்கிறார். அத்தனை அக்கறைக்கு நடுவே எதைப் பேசுவது? அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் விண்ணப்பம். அடுத்த மாதம் பரீட்சை முடிந்ததும் விடுமுறை. அதை நான் உங்களோடு கழிக்க வேண்டும். அம்மா போனபிறகு நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தூங்கி எழுந்ததே இல்லை. நீங்கள் அந்த ஊர் வேலையை ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். நான் புத்தகப் பெட்டியோடு இங்கே வந்துவிட்டேன்.

பெரியம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை. மேசை, விளக்கு, ஜன்னலோரம் எல்லாம் எனக்குத்தான். ஆனால் அம்மாவைப் பற்றி மட்டும் இங்கே யாரும் பேசுவதில்லை. போன வாரம் சாப்பிடும்போது, "அம்மா இதுல கொஞ்சம் எலுமிச்சை பிழிவா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பெரியம்மா எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. நான் மிச்சத்தை எலுமிச்சை இல்லாமலே சாப்பிட்டு எழுந்தேன்.

பள்ளிச் செய்தி ஒன்று. வகுப்பில் எழுந்து பேசுவதற்காக ஆங்கில மிஸ் ஆளுக்கொரு அரிய ஆங்கிலச் சொல் கொடுத்திருக்கிறார். துண்டுத்தாள்களை மடித்து டப்பாவில் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்த சொல்லை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பேசி முடிக்கும்வரை அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி, அதனால் உங்களிடமும் சொல்ல மாட்டேன். பொருளை மட்டும் சொல்கிறேன். சரியாக இருக்கும் ஒன்றில் ஒன்றுமில்லாத குறையைத் தேடிப்பிடித்து ஆட்சேபிப்பது. நம் பேச்சில் நொட்டை சொல்வது என்கிறோமே, கிட்டத்தட்ட அது. லத்தீனில் இதன் வேருக்குக் கேலி என்று பொருளாம். "அர்த்தத்தை ஒப்பிச்சா மார்க் கிடையாது. சொந்தமா ஒரு உதாரணம் வேணும்" என்கிறார் மிஸ். உங்களுக்கு அப்படி யாரையாவது தெரியுமா?

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 13

வாத்தியாரம்மாவுக்கு அப்பா எழுதுவது.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஒற்று எங்கே போடுவது என்று யோசித்தே அரைப் பேனா மை தீர்ந்துவிட்டது.

நொட்டை சொல்கிறவர் வேண்டும் என்றால் என் கட்டடத்துக்கு வா என்று சொல்லலாம். ஏழாம் மாடியில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். இந்தப் பத்து மாடிக்கும் லிஃப்ட் பார்க்கிறவன் நான் என்பதால் தினமும் அவருக்கு என்னிடம் ஒரு புகார் உண்டு. ஒருநாள், "மத்தவங்களுக்கு டக்குனு மூடுற கதவு, என்னைப் பார்த்தா மட்டும் யோசிச்சு மூடுது" என்றார். மறுநாள், "உள்ள இருக்கிற கண்ணாடியில என் மூஞ்சி வீங்கித் தெரியுது, கழட்டிப் பாரு" என்றார். கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். கண்ணாடிமேல் குற்றம் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? "இப்பப் பாருங்கம்மா" என்றேன். "ம், இப்பப் பரவாயில்லை" என்று போனார். இவரை உன் வகுப்பில் உதாரணமாக வைத்துக்கொள். எனக்கு மார்க்கில் பங்கு வேண்டாம்.

நீ இங்கே வருவதைப் பற்றி. என் அறை மொட்டைமாடியில், லிஃப்ட் இயந்திர அறையை ஒட்டி இருக்கிறது. யார் எந்த மாடிக்குப் போனாலும் மோட்டார் ஓடும், சுவர் அதிரும். உன்னால் ஒரு பக்கம் படிக்க முடியாது. கூடவே தண்ணீர்ப் பம்பு பார்க்கிறவர் ஒருவர் தங்கியிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவர் விடும் குறட்டைக்கு மோட்டாரே தேவலாம். கட்டிலும் ஒன்றுதான். யோசித்துப் பார்.

பெரியம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையாக இரு.

அப்பா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். உங்கள் ஆட்சேபங்களுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

மோட்டார்: காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். தவிர, பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கும்போது உட்கார்ந்து உலக வரலாறு படித்து முடித்தவள் நான். கட்டில்: தரையில் படுப்பேன், முதுகுக்கு நல்லது என்று உடல்நலப் பாடத்தில் இருக்கிறது. பம்புக்காரர் மாமா: அவரிடம் நீங்கள் பேசினீர்களா, இல்லையா? பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை, எனவே பேசவில்லை.

ஏழாம் மாடி அம்மாவை வகுப்பில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைப் பற்றித்தான் பேசினாரா? அன்றைக்கு முழுக்க அவரோடு பேசிய ஒரே ஆள் நீங்களாக இருந்தால்? அப்படியென்றால் அது நொட்டை இல்லையே. பேச்சுக் கொடுப்பதற்குக் கிடைத்த ஒரு சாக்கு, அவ்வளவுதான். எனவே என் சொல் அவருக்குப் பொருந்தாது. வேறு ஆள் தேட வேண்டும்.

இடைவேளையில் நான் நூலகத்தில்தான் இருக்கிறேன். படிப்பதற்காக மட்டும் இல்லை. வெளியே போனால் தோழிகள் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுவது மாதிரி. ஒருத்தி தன் அம்மா திட்டியதைச் சொல்லிக்கொண்டே வந்து, என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கு அது சங்கடம், எனக்கும் சங்கடம். நூலகத்தில் இந்தத் தொந்தரவு இல்லை.

விடுமுறை செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்குகிறது. காலைப் பேருந்தில் பெரியப்பா ஏற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார். நீங்கள் "சரி" என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். ஒற்றுப்பிழைக்கு வாய்ப்பே இல்லாத சொல்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 26

வாத்தியாரம்மாவுக்கு,

பம்புக்காரரிடம் பேசினேன். "பொண்ணு வந்தா நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன்யா. என்னைச் சாக்கா வெச்சுத் தப்பிக்காதே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் குறட்டையை எடுத்துவிடு.

ஆனாலும் வேறு சங்கடங்கள் இருக்கின்றன. கூரை தகரம். வெயில் அடித்தால் கொதிக்கும், மழை பெய்தால் ஒழுகும். ஜன்னல் இருக்கிறது, திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகுதான் தெரியும். புறாக்கள் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். குளிக்க ஒரு மாடி இறங்க வேண்டும். இந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டை. நீ சொல்லும் அதே வாரத்தில் லிஃப்டுக்குச் சோதனை போட வருகிறார்கள். நான் பாதி நேரம் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இருப்பேன், பாதி நேரம் மேலே இருப்பேன். உன்னோடு உட்காரக்கூட முடியாது.

அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம். அதற்குள் வேறு அறை கிடைத்தாலும் கிடைக்கும்.

பரீட்சை நன்றாக எழுது.

அப்பா

*

ஆகஸ்ட் 31

அப்பா,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "விடுடி. அந்த மனுஷன் மனசு அப்படி. அன்னைக்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே. வீடே கதறுது, அவர் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்காரு." பெரியப்பா, "புள்ளகிட்ட என்ன பேச்சு இது?" என்று அதட்டினார். நான் அறைக்குப் போய் உங்கள் இரண்டு கடிதங்களையும் மறுபடி படித்தேன்.

இப்போது புரிகிறது. இரண்டு கடிதமும் முழுக்கக் கேவில். அதை மோட்டார் சத்தத்தில் மறைத்துவிடலாம் என்று பார்த்தீர்களா? என்னிடம் எதற்காக மறைக்க வேண்டும்? நான் சின்னக் குழந்தை இல்லை. உண்மையை நேராகவே சொல்லியிருக்கலாம்.

இனி நான் கேட்க மாட்டேன்.

*

செப்டம்பர் 4

கண்ணு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். யார் சொன்னது உனக்கு? பம்புக்காரர் எழுதினாரா? அவருக்கு உன் முகவரி தெரியாதே. கேட்டால் சத்தியமாக இல்லை என்கிறார். அப்படியென்றால் நீயாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். புறாவையும் தகரத்தையும் படித்து உன்னால் இதைக் கண்டுபிடிக்க முடிகிறது. அம்மாவின் மகள்தான் நீ. அவளும் நான் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே வேலையிடத்தில் என்ன சண்டை என்று சொல்லிவிடுவாள்.

வாத்தியாரம்மாவும் எழுத்துப்பிழை விடுவார் என்று இப்போதுதான் பார்க்கிறேன். கேவல் என்று எழுத வேண்டியதைக் கேவில் என்று எழுதியிருக்கிறாய். அழுகைக்கு அதுதான் சரியான சொல் என்று நினைக்கிறேன். கோபத்தில் வகரத்துக்கு மேலே ஒரு கொக்கி விழுந்துவிட்டது. பரவாயில்லை. என் வாழ்நாளில் உன்னைத் திருத்தக் கிடைத்த ஒரே வாய்ப்பு, விட மனசு வரவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் அழவில்லை. பெரியம்மா சொன்னது பொய்யில்லை. எல்லோரும் உன்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். யாராவது ஒருத்தர் விழாமல் நிற்க வேண்டும் என்று தோன்றியது. நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அப்புறம் அழ நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. நாள் போகப் போக, எனக்கு அழவே வராதோ என்று எனக்கே பயம் வந்தது.

இந்த ஊருக்கு வந்தபிறகு ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏழாம் மாடி அம்மா. மேலே கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்க வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே இருந்து அவர் கூப்பிட்டார். "இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?" நான் மேலிருந்து, "இருக்கேம்மா, இருக்கேன்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகக் கேட்டதும் அதுதான். கண்ணைத் திறக்கவில்லை. "இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். நீ அப்போது வெளியே பெஞ்சில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாய். எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். அதற்காக உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாளாகத் தொலைபேசியில் சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்யா, உள்ள மாட்டினது நானு, அழறது நீயா?" என்றார். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. தன் கையில் இருந்த துண்டைக் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இப்படித்தான். நானாக எதுவும் நினைக்க வேண்டியதில்லை, தானாக வருகிறது. யாராவது லிஃப்டில் ஏறினால் மோட்டார் ஓடும். அந்தச் சத்தம் இருக்கும்வரை எனக்கு வசதி. இரண்டாம் மாடிக்காரர்களால் பிரயோசனமே இல்லை. யாராவது பத்தாம் மாடிக்குப் போனால்தான் கொஞ்சம் ஆற அமர அழ முடிகிறது.

அதனால்தான் உன்னை வரவேண்டாம் என்றேன். நீ வந்தால், உன்னைப் பார்த்த நிமிஷமே நான் உடைந்துவிடுவேன். விழாமல் நின்றேன் என்று சொன்னேனே, அந்த ஆளை நீ அப்புறம் பார்க்க முடியாது. உனக்கு இருப்பது ஒரே ஓர் அப்பா. அவரும் இப்படி இருந்தால் நீ யாரைப் பிடித்துக்கொள்வாய்? என் ஆட்சேபம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் புறா.

அப்பா

*

செப்டம்பர் 8 (அனுப்பாதது)

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் எழுதியது எழுத்துப்பிழை இல்லை. கேவில் என்றுதான் எழுதினேன். மிஸ் கொடுத்த சொல் அதுதான். சி, ஏ, வி, ஐ, எல். அற்ப ஆட்சேபம் என்று பொருள். கோபத்தில் வகுப்பு விதியை மீறி அதை உங்கள்மேல் வீசினேன். மோட்டார், புறா, தகரம் என்று நீங்கள் அடுக்கியதைத்தான் சொன்னேன்; நான் வருவதில் உங்களுக்கு விருப்பமில்லை, அதைத்தான் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அழுவது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு ஒன்றுமே தெரியாது அப்பா. பெரியம்மா சொன்னதைத்தான் நானும் நம்பியிருந்தேன். இந்த உலகத்தில் அம்மாவுக்காக அழுகிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வகுப்பில் பேசினேன். பொருள் சொன்னேன், லத்தீன் வேர் சொன்னேன், இந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதையும் சொன்னேன். உதாரணத்துக்கு வந்ததும் வாய் வரவில்லை. மிஸ், "என்னடி, ஒருத்தர்கூடக் கிடைக்கலையா? என்னையே சொல்லேன், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான், "ஒருத்தர்மேல இதைச் சொன்னேன் மிஸ். ஆனா தப்பான இடத்துல சொல்லிட்டேன்" என்றேன். "எப்படித் தப்பு?" என்றார். "ஆட்சேபம் அற்பமா இருந்தாத்தான் இந்தச் சொல் செல்லும். அவரோடது அற்பம் இல்லை. வெளியில தெரிஞ்சதுதான் அற்பம்" என்றேன். மிஸ் மதிப்பெண் ஏட்டை மூடினார். பிறகு, "உட்காரு. இதுக்குமேல உதாரணம் வேண்டாம்" என்றார்.

இதை உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். எது சரியோ அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் பழக்கம். ஆனால் இதைப் படித்தால், நீங்கள் சொன்னதெல்லாம் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வெட்கப்படுவீர்கள். எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, மறுபடி "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லை வைத்து நியாயமாகப் பார்த்தால், நான் போட்டது தவறான சொல். நீங்கள் திருத்திப் போட்டதுதான் சரி.

*

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

என் சொல்லைத் திருத்தியதற்கு நன்றி. நீங்கள் எழுதியதுதான் சரி. என்னிடம் இருந்த அகராதியிலும் பார்த்துவிட்டேன்.

பெஞ்சில் என்னை எழுப்பாததற்கு உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. இல்லை என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். அந்தக் கோபம் போக நாளாகும். ஆனால் அம்மா கேட்டபோது நீங்கள் "இருக்கேன்" என்று சொன்னீர்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அவள் பதில் கிடைத்துத்தான் போயிருக்கிறாள். இத்தனை நாளாக எனக்கு அதுகூடத் தெரியாது.

பெரியம்மாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. நீங்கள் அழுகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "எனக்குக்கூட அவ முகம் தூக்கத்துல வருதுடி" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசினோம். பெரியப்பா தொலைக்காட்சியை அணைத்தேவிட்டார்.

இனி உங்கள் ஆட்சேபம். மோட்டாருக்குப் பஞ்சு என்றேன், கட்டிலுக்குத் தரை என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நீங்கள் உடைந்தால் நான் யாரைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மூன்று முறை எழுதி அடித்தேன். பதில் இல்லாமலே வருகிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை, காலைப் பேருந்து. நீங்கள் நிலையத்துக்கு வாருங்கள். லிஃப்டை அன்றைக்கு ஒரு மணி நேரம் பம்புக்காரர் மாமா பார்த்துக்கொள்ளட்டும். அங்கேயே அழுகை வந்தால் வரட்டும், அடக்க வேண்டாம். எனக்கும் வரும். யாராவது பார்ப்பார்களே என்று புதிதாக ஓர் ஆட்சேபம் எழுதி அனுப்பிவிடாதீர்கள். அந்த ஊரில் நம் இரண்டு பேரையும் யாருக்குத் தெரியும்?

உங்கள் மகள்